மாஸ்டரின் மனசாட்சி

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் கட்டிங் டேபிளுக்குப் பின்னால் இவர் நின்றுகொண்டிருப்பார். ஊரும் பேரும் எதுவானாலும் கூப்பிடுவது மாஸ்டர் என்றுதான். இடது கையில் கம்பிவலைக் கையுறை, காதோரம் சாக்பீஸ் துண்டு, பர்ஸில் ரஜினி. ஐம்பது தாண்டியும் அவருக்கு ‘தலைவர்’ ஒருவர்தான்.

அப்பா எம்.ஜி.ஆர். பக்தர். அதனால் மகனும் ரெட்டை இலை. ஜெயலலிதா மறுபடி வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று 1996இல் ரஜினி சொன்னதும் மறுநாள் காலையில் மாஸ்டர் வேறு ஆள்.

“எனக்கு ரொம்ப நாளாவே அந்தம்மா மேல ஒரு டவுட்டுங்க.”

ரொம்ப நாள் என்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்து. மூப்பனாரின் புதுக்கட்சிக்குச் சைக்கிள் சின்னம் வேறு. ‘அண்ணாமலை’ ரஜினி சைக்கிளோடு போஸ்டரில் ஏறினார். தி.மு.க. – த.மா.கா. அணி நாடாளுமன்றத்தில் 39க்கு 39 அடித்தது, முதலமைச்சர் பர்கூரில் தோற்றார். அடுத்த தீபாவளி போனஸ் வரைக்கும் மாஸ்டர் பேச்சில் வேறு விஷயமே இல்லை. 1998இல் தலைவர் அதே அணிக்குப் பேசியும் அது தோற்றது. “ஜனங்க சரியில்லைங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நிஜமான சோதனை 2004. ‘பாபா’ படத்துக்குக் குடைச்சல் கொடுத்த பா.ம.க. நிற்கிற ஆறு தொகுதிகளிலும் அதை எதிர்த்து வேலை செய்யுங்கள் என்றார் ரஜினி. தன் சொந்த ஓட்டு நதிகளை இணைப்பதாகச் சொல்லும் பி.ஜே.பி.க்கு என்றும் சொல்லிவிட்டார். பி.ஜே.பி. நின்றதோ ஜெயலலிதாவோடு. திருப்பூர் அப்போது கோவைத் தொகுதிக்குள். பி.ஜே.பி. வேட்பாளர் சி.பி.ராதாகிருஷ்ணன், இந்த ஊர்க்காரரே.

பதினோரு மணி டீக்கு மாஸ்டர் கங்கையைக் காவிரிக்குக் கொண்டுவந்தார். கம்பெனிக்குப் பின்னால் நொய்யல் ஓடியது. அதன் கலரைப் பார்த்தே அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன சாயம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் மாஸ்டர் திரும்பவில்லை.

செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்காதான் கேட்டார்: “ஏனுங் மாஸ்டர், அந்தம்மா வந்தா ஆண்டவனே காப்பாத்த மாட்டாருன்னீங்க. இப்ப அந்தம்மா கூட்டணிக்கே போடச் சொல்றீங்க?”

“அது ஸ்டேட்டுங்க. இது சென்ட்ரல்.”

எனக்கு இந்த வேகம் பிடிக்கும். பேட்டர்ன் அட்டை கைக்கு வந்துவிட்டால் துணியை அதற்கேற்ப வெட்டுவதில் அவருக்கு நிகர் யார்? முடிவைத் தலைவர் அனுப்புவார், காரணத்தை இவர் வெட்டி அடுக்குவார். முதலாளிமார் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? ஆட்சி மாறினால் சால்வை அதேதான், தோள்தான் வேறு. மாஸ்டராவது காரணம் சொல்கிற சிரமத்தை எடுத்துக்கொள்கிறார்.

புதுச்சேரியையும் சேர்த்து நாற்பதும் தி.மு.க. அணிக்கே போயின. ஆறிலும் பா.ம.க. ஜெயித்தது. கோவையில் இந்திய கம்யூனிஸ்ட் சுப்பராயன். அடுத்த சனிக்கிழமை, சம்பளக் கவரை எண்ணிக்கொண்டே மாஸ்டர் திருத்தம் வெளியிட்டார்: “தலைவர் நமக்குச் சொன்னது அந்த ஆறு தொகுதியத்தானுங்களே. நம்மூர்ல பா.ம.க. நிக்கவே இல்ல. அப்பறம் நாம எங்கீங்க தோத்தோம்?”

2017 டிசம்பர் 31இல் ரஜினி அரசியலுக்கு வருகிறேன் என்றதும், எந்தக் கட்சியிலும் இல்லாத மாஸ்டர் எல்லாக் கட்சியிலிருந்தும் விலகினார். ‘ஆன்மிக அரசியல்’ என்றால் என்ன என்று மூன்று வருஷம் விளக்கினார். மாஸ்டருக்குப் புரிந்ததா என்று கேட்பது மரியாதையில்லை. 2020 டிசம்பர் 29இல், உடம்பு இடம் கொடுக்கவில்லை, கட்சி இல்லை என்று அறிக்கை வந்தது.

“வர்றதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. வராம இருக்கறதுக்குத்தானுங்க தைரியம் வேணும்” என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா விடவில்லை. 2021 தேர்தல் முடிந்து, கை மை காயும் முன்பே பிடித்துக்கொண்டார்.

“இந்தவாட்டி யாருக்குப் போட்டீங்?”

“மனசாட்சிப்படி.”

“அது என்னங் சொல்லுச்சு?”

“தலைவர் யாருக்குப் போட்டாருன்னு இன்னும் சொல்லலீங்களே.”