ஒரே சர்வரில் ஒன்பது குடித்தனம்

வாழ்த்துகள்! அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்துவிட்டது. அட்டைப்பெட்டி இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. இனி விர்ச்சுவலைசேஷன்தான் என்று முதலாளியும் தலையாட்டிவிட்டார். விஷயம் எளிது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஒண்டுக்குடித்தன வீட்டுக்காரர் மாதிரி. ஒரே கணினியின் பிராசசர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் தடுப்புப் போட்டுக் குடிவைக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் முழு வீடும் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும். ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. நாம் அரை நூற்றாண்டு தாமதம், கெடுப்பதிலாவது முந்திக்கொள்வோம்.

1. பழைய பெட்டிகள் ஒன்பதையும் புதுப்பெட்டிக்குள் ஏற்றுங்கள். கணக்கு, மெயில், கோப்புகள், கைரேகை வருகைப் பதிவு, லாகின் பார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், ஒன்றையும் விடாதீர்கள். பாதி நேரம் சும்மா ஓடிய பெட்டிகள் போனதில் கரன்ட் பில்லும் ஏசி செலவும் குறையும். அந்த மிச்சத்தில் இரண்டாவது சர்வர் வாங்கலாமே என்று ஒருவர் சொல்வார். அவரை அடுத்த மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள். ஓடும் மெஷினை நிறுத்தாமலே இன்னொரு சர்வருக்கு நகர்த்தலாம் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய வித்தை. நகர்த்த இன்னொன்று இருந்தால்தானே?

2. "எட்டு கோர் வேணும் சார்" என்பார் கணக்குக்காரர். இரண்டே போதும்; நீங்கள் எட்டையும் கொடுங்கள். எட்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று அந்த மெஷின் வரிசையில் காத்துக்கிடக்கும். மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும். பதினாறாக்குங்கள்.

3. டிஸ்க்கைக் கல்யாணப் பத்திரிகைபோல் விநியோகியுங்கள். இருப்பது 2 டெராபைட். ஆளுக்கு ஒன்று என்று ஒன்பது பேருக்கும் வாக்குக் கொடுங்கள். எல்லாரும் சாப்பிட வரமாட்டார்கள் என்ற தைரியம்தான். வந்துவிட்டால், எழுத இடம் கேட்ட மெஷின்கள் இலை முன்னால் உட்கார்ந்தபடி உறைந்து நிற்கும்.

4. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்றே அழையுங்கள். இதுதான் பாடத்தின் உயிர், நிதானமாகச் செய்யுங்கள்.

அப்டேட் போடுமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், பிசகினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அருமையான வசதி. வேலை முடிந்ததும் அதை அழிப்பவர்கள் கற்றுக்குட்டிகள், நீங்கள் விட்டுவையுங்கள். அது நகல் அல்ல. பழைய டிஸ்க் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டு, அதன்பின் வரும் மாற்றங்களை மட்டும் பக்கத்தில் வேறொரு கோப்பில் எழுதும். அந்தக் கோப்பு நாளுக்கு நாள் கொழுக்கும். மூலக்கோப்பு போனால் அதுவும் செல்லாக்காசு. 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்கிறது விஎம்வேர். நீங்கள் 'பொங்கலுக்கு முன்' என்று பெயரிட்டதை ஆடி வரை வையுங்கள். அதன்மேல் 'சரியாயிருக்கு'. அதற்கும் மேல் 'தொடாதே'. இடம் தீர்ந்ததும் வேலை நாளில், காலை 11 மணிக்கு, மூன்றையும் அழிக்கச் சொல்லித் தட்டுங்கள். சேர்ந்த மாற்றங்கள் அத்தனையும் அப்போதுதான் மூலக்கோப்பில் கலக்கும். நான் 99 சதவீதத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். டீ கொண்டுவரும் பையன் இரண்டு தடவை துக்கம் விசாரித்துவிட்டுப் போனான்.

5. பழைய மென்பொருளுக்காக ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷினையும் குடிவையுங்கள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே நிறுத்திவிட்டது. நெட்வொர்க்கைத் துண்டித்து அடைத்துவைப்பது விவேகம். ஆகவே இன்டர்நெட்டைத் திறந்துவிடுங்கள். தடுப்புச்சுவர்தான் இருக்கிறதே! 2015-இல் வெளியே தெரியவந்த 'வெனம்' என்ற ஓட்டை, கியூஎம்யூ மென்பொருளின் ஃபிளாப்பி டிரைவ் பகுதியில் இருந்தது. குடித்தனக்காரன் சுவரைத் துளைத்து வீட்டுக்காரர் அறைக்கே போக வழி. ஃபிளாப்பியை அணைத்துவைத்திருந்தாலும் அந்தப் பகுதி விழித்தேயிருந்தது. இதையெல்லாம் சரிசெய்ய வரும் ஹைப்பர்வைசர் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடுங்கள். போட்டால் ஒன்பது மெஷினையும் நிறுத்த வேண்டும். நகர்த்தத்தான் இடமில்லையே.

6. புதிய மெஷின் உருவாக்கச் சில நிமிடம் போதும் என்பதால் உருவாக்கிக்கொண்டே இருங்கள். டெஸ்ட், டெஸ்ட்2, டெஸ்ட்2_புதுசு. அணைத்தால் யார் கத்துவார் என்று தெரியாததால் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

7. ஹைப்பர்வைசரின் பாஸ்வேர்டை எக்செல் கோப்பில் பத்திரப்படுத்துங்கள். கோப்பை ஃபைல் சர்வரில் வையுங்கள். ஃபைல் சர்வர் எங்கே? அதே பெட்டிக்குள், மூன்றாவது குடித்தனம். வெள்ளிக்கிழமை மாலை கரன்ட் போய், யூபிஎஸ்ஸும் கண்ணை மூடும். கரன்ட் திரும்பியதும் பெட்டி எழும். மெஷின்கள் எழாது, தானாக எழச் சொல்லும் டிக்கை நீங்கள்தான் போடவில்லையே. திரை பாஸ்வேர்டு கேட்கும். பதற்றப்படாமல் சர்வர் விற்றவருக்கு போன் போடுங்கள். அவர் நம்பர் அதே எக்செல்லில், இரண்டாவது ஷீட்டில் இருக்கிறது.