வரி குறைந்தது, நஷ்டம் வந்தது!

இந்த வாரத் தலைப்பு கம்பெனிகளின் வருமான வரி. 'இதை யார் கேட்கப் போகிறார்கள்' என்று அசட்டையாக இருந்தேன். புதுச்சேரி வாசகர்கள் என் நினைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். ஷேர் வைத்திருக்கும் பாட்டி முதல் மில்லில் வேலை பார்த்தவர் வரை ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

கே: நம்ம ஊரில் பெட்ரோல் மலிவு, 'சரக்கு'ம் மலிவு. கம்பெனிகளுக்கு வருமான வரியும் மலிவா?
(வில்லியனூர் வாசகர்)

ப: டேங்க்குக்கும் கிளாசுக்கும் கிடைக்கும் சலுகை கம்பெனிக்குக் கிடையாது. பெட்ரோல் மேல் வாட், மதுவின் மேல் கலால் இரண்டும் புதுச்சேரி அரசு போடுவது. வருமான வரி டெல்லி போடுவது. கோரிமேடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விகிதம்தான். இன்னொன்று: பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. வருமான வரிச் சட்டம் இங்கே வந்து இறங்கியது 1963 ஏப்ரல் 1. எட்டு மாதம்கூடப் பொறுக்கவில்லை!

கே: அப்படியென்றால் 90-களில் இத்தனை கம்பெனிகள் ஏன் இங்கே ஓடி வந்தன?
(சேதராப்பட்டு வாசகர்)

ப: விகிதம் ஒன்றுதான்; விலக்கு வேறு. வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் தொழிலில் பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அசாம், நாகாலாந்து, அந்தமானோடு நம்ம ஊரும் அதில் இருந்தது. 1993 ஏப்ரல் முதல் 2004 மார்ச்சுக்குள் உற்பத்தி தொடங்கினால் முதல் ஐந்து ஆண்டு லாபத்துக்கு முழு விலக்கு. அடுத்த ஐந்து ஆண்டு கம்பெனிகளுக்கு 30 சதவீத லாபத்துக்கு விலக்கு. 'பின்தங்கியவர்' என்ற பட்டத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம்.

கே: பேரனுடைய உபயத்தில் நானும் பங்குதாரர். ஆண்டறிக்கையில் 'வரிச் செலவு' என்று ஒரு தொகை. கட்டிய வரி என்று வேறு பக்கத்தில் வேறு தொகை. எது நிஜம்?
(பாட்டி, வைசியாள் தெரு)

ப: இரண்டும் நிஜம், பாட்டி. லாப நஷ்டக் கணக்கில் இருப்பது இந்த ஆண்டு லாபத்துக்கு உரிய வரி. பணப் பாய்வு அறிக்கையில் இருப்பது இந்த ஆண்டு பெட்டியிலிருந்து போன வரி. கம்பெனி அட்வான்ஸ் டாக்ஸை நாலு தவணையாகக் கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பரில் 45, டிசம்பரில் 75, மார்ச் 15-க்குள் 100. உத்தேசமாகக் கட்டுவதால் கூடும், குறையும். போன ஆண்டு பாக்கி, ரீஃபண்ட் எல்லாம் நடுவில் வரும்.

பேலன்ஸ் ஷீட்டில் மூன்றாவது ஒரு எண்ணும் இருக்கும். அதன் பெயர் டெஃபர்டு டாக்ஸ், அதாவது தள்ளிப்போன வரி. அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி.

கே: டெஃபர்டு டாக்ஸ் என்றாலே ஆடிட்டர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். எனக்கும் புரியும்படி சொல்ல முடியுமா?
(காமர்ஸ் மாணவி, லாஸ்பேட்டை)

ப: வீட்டில் யாராவது ஏலச்சீட்டு போடுகிறார்களா? அப்படியானால் பாதி புரிந்த மாதிரி.

திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலை 1 கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறது என்று வையுங்கள். கம்பெனிச் சட்டப்படி அதற்கு ஆயுள் 15 ஆண்டு. கடைசியில் 5 சதவீதம் மிச்ச மதிப்பு என்று விட்டால், ஆண்டுக்குத் தேய்மானம் 6.33 லட்சம். வருமான வரிச் சட்டமோ முதல் ஆண்டே 15 சதவீதம், அதாவது 15 லட்சம், கழித்துக்கொள்ளச் சொல்கிறது. பங்குதாரருக்குக் காட்டும் லாபத்தைவிட வரித்துறைக்குக் காட்டும் லாபம் 8.67 லட்சம் குறைவு. 25.168 சதவீத விகிதத்தில் சுமார் 2.18 லட்சம் வரி இந்த ஆண்டு மிச்சம்.

ஆனால் மொத்தத் தேய்மானம் எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான். இன்று கூடக் கழித்தால் பின்னால் குறையக் கழிக்க வேண்டும். அன்று வரி கூடும். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் நிலைமை! கையில் பணம், தலையில் பாக்கி. அந்த 2.18 லட்சத்தை இந்த ஆண்டே செலவாக எழுதி, பேலன்ஸ் ஷீட்டில் தள்ளிப்போன வரிக் கடன் என்று காட்ட வேண்டும்.

கே: அதே மாணவிதான். சீட்டை இன்னும் எடுக்காதவர்?

ப: அவருக்குச் சொத்து. தொழிலாளர்களின் பணிக்கொடைக்கு என்று 10 லட்சம் ஒதுக்குகிறார்கள். கணக்கில் இந்த ஆண்டே செலவு. வரித்துறையோ, 'கொடு, அல்லது அங்கீகரித்த நிதியில் கட்டு, அப்புறம் கழி' என்கிறது. இன்று கூடுதலாக 2.52 லட்சம் வரி கட்டி, பின்னால் அதை மிச்சம் பிடிக்கலாம். இது தள்ளிப்போன வரிச் சொத்து. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு இந்த விதிகள் இண்ட் ஏ.எஸ். 12 என்ற கணக்குத் தரத்தில் இருக்கின்றன. வங்கிகள் பழைய ஏ.எஸ். 22-ஐப் பின்பற்றுகின்றன.

கே: 2019-ல் அரசாங்கம் கம்பெனி வரியைக் குறைத்தது. உடனே ஒரு பெரிய வங்கி நஷ்டம் காட்டியது. வரி குறைந்தால் நஷ்டமா? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?
(வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர், ரெட்டியார்பாளையம்)

ப: யாரும் சுற்றவில்லை. 2019 செப்டம்பர் 20 அன்று நிர்மலா சீதாராமன் கோவாவில் அறிவித்தார்: சலுகைகளை விட்டுவிடும் கம்பெனிக்கு 22 சதவீதம், சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168. பெரிய கம்பெனிகள் அதுவரை கட்டி வந்தது 34.944.

வங்கிகள் வாராக் கடனுக்கு ஏராளமாக ஒதுக்குகின்றன. அதை வரித்துறை உடனே முழுதாக ஏற்பதில்லை. அதனால் வங்கிகளிடம் 'இன்னும் எடுக்காத சீட்டு' மலை மாதிரி குவிந்திருந்தது. 100 ரூபாய் ஒதுக்கீட்டுக்குப் பின்னால் 34.94 ரூபாய் வரி மிச்சமாகும் என்று எழுதி வைத்திருந்தார்கள். விகிதம் குறைந்ததும் மிச்சமாவது 25.17 ரூபாய்தான். சீட்டுத் தொகையையே குறைத்துவிட்டார்கள்! 9.77 ரூபாயை அந்தக் காலாண்டிலேயே செலவாக எழுத வேண்டியதாயிற்று.

ஆக்சிஸ் வங்கிக்கு அந்தக் கணக்கு 2,138 கோடி. லாபத்தில் இருந்திருக்க வேண்டிய காலாண்டு 112 கோடி நஷ்டத்தில் முடிந்தது. ஐசிஐசிஐ வங்கிக்கு 2,920 கோடி; லாபம் 655 கோடிக்குச் சுருங்கியது. இதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. சீட்டை முன்னாலேயே எடுத்திருந்த கம்பெனிகளுக்கோ பாக்கி குறைந்து, அதே காலாண்டில் லாபம் பொங்கியது. அதுவும் காகித லாபம்தான்.

கே: கோடி கோடியாக லாபம், பங்குதாரருக்கு டிவிடெண்ட், அரசாங்கத்துக்கு மட்டும் பட்டை நாமம். இப்படியும் கம்பெனிகள் இருந்தனவாமே?
(முதலியார்பேட்டை வாசகர்)

ப: இருந்தன. 'பூஜ்ய வரிக் கம்பெனிகள்' என்றே பெயர். சட்டப்படி கிடைத்த சலுகைகளைச் சேர்த்துப் போட்டால் வரிக்குரிய வருமானம் காணாமல் போகும். நிதியமைச்சர் பொறுப்பையும் வைத்திருந்த ராஜீவ் காந்தி 1987 பட்ஜெட்டில் குறைந்தபட்ச வரி கொண்டு வந்தார். 'வரித்துறைக்குக் காட்டுவது இருக்கட்டும், பங்குதாரருக்கு எவ்வளவு லாபம் என்று சொன்னாய்? அதில் ஒரு பங்கு எடு' என்பதுதான் அதன் தத்துவம். 1990-ல் எடுத்துவிட்டார்கள். 1996-ல் ப.சிதம்பரம் மறுபடி கொண்டு வந்தார். 'மேட்' என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். கூடுதலாகக் கட்டிய மேட் வரியைப் பிற்கால வரியில் கழிக்கலாம் என்று இருந்ததால் அதுவும் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக ஏறியது. 2019-ன் புதிய விகிதத்துக்குத் தாவியவர்களுக்கு மேட் இல்லை. ஆனால் 2019-ல் சேர்த்து வைத்த மேட் வரவையும் தொலைத்துவிட்டுத்தான் தாவ வேண்டியிருந்தது.

கே: விகிதம் 25.17 என்கிறீர்கள். என் கம்பெனி அறிக்கையில் கூட்டிக் கழித்தால் 25.67 வருகிறதே?
(நெல்லித்தோப்பு வாசகர்)

ப: 'வரிச் சரிக்கட்டல்' என்று ஒரு குறிப்பு அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கும். அதைப் பாருங்கள். சட்ட விகிதத்தில் தொடங்கி, நிஜமாக வந்த விகிதத்தில் முடியும் ஒரு சின்ன அட்டவணை. உதாரணம்: 100 கோடி லாபம், 25.17 கோடி வரி வர வேண்டும். சமூகப் பொறுப்புச் செலவாக 2 கோடி கொடுத்திருந்தால் வரித்துறை அதைச் செலவாக ஏற்காது. அதற்கு 50 லட்சம் கூடுதல் வரி. ஆக 25.67. இது தள்ளிப்போன வரியாக ஆகாது. பின்னால் திரும்பியே வராது. சீட்டில் சேராத மொய்ப் பணம் மாதிரி.

முழு ஆண்டறிக்கையில் ஒரே ஒரு பக்கம்தான் படிப்பேன் என்பவருக்கு இந்த அட்டவணையைச் சிபாரிசு செய்வேன்.

கே: வரித்துறையோடு வழக்கு நடக்கிறது. தோற்றால் கட்ட வேண்டிய தொகையைக் கம்பெனி மறைக்கலாமா?
(வக்கீல் குமாஸ்தா)

ப: உங்களுக்குத் தெரியாததா? தோற்கும் வாய்ப்பு அதிகம் என்றால் இப்போதே கணக்கில் ஏற்ற வேண்டும். தோற்கலாம், தோற்காமலும் இருக்கலாம் என்றால் குறிப்பில் சொல்ல வேண்டும். இண்ட் ஏ.எஸ். 12-ன் பின்னிணைப்பு ஒன்றில் எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது: வரித்துறை எல்லா ஆவணத்தையும் பார்க்கும், அதற்கு எல்லா விவரமும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கம்பெனி இந்த முடிவை எடுக்க வேண்டும். 'கவனிக்க மாட்டார்கள்' என்பது கணக்கில் செல்லாது. தகராறில் கட்டாமல் இருக்கும் தொகை எவ்வளவு, எந்த மன்றத்தில் நிற்கிறது என்று ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பிலும் பட்டியல் வரும்.

கே: நான் ஏ.எஃப்.டி. மில் தொழிலாளி. 2020-ல் மூடிவிட்டார்கள். நஷ்டம்கூடச் சொத்து என்று ஒருவர் சொன்னார். கிண்டலா?
(உப்பளம்)

ப: கிண்டல் இல்லை ஐயா, ஆனால் நிபந்தனை உண்டு. பொதுவாக எந்தக் கம்பெனியும் வியாபார நஷ்டத்தை எட்டு ஆண்டு வரை தூக்கிச் சென்று வரும் லாபத்தில் கழிக்கலாம். கழிக்காத தேய்மானத்துக்குக் கெடுவே இல்லை. வரி மிச்சமாகும் என்பதால் அது சொத்து. லாபம் வந்தால்தான் மிச்சம். அதனால் தொடர்ந்து நஷ்டப்படுகிற கம்பெனி இதைச் சொத்தாகக் காட்ட வேண்டுமானால், லாபம் வரும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கேட்கிறது விதி. பழைய ஏ.எஸ். 22 'ஏறக்குறைய உறுதி' என்றே கேட்கிறது. மூடிய ஓட்டலின் சாப்பாட்டு டோக்கனை பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது. உங்களுக்கு இதெல்லாம் ஆறுதல் ஆகாது என்றும் தெரியும்.

கே: என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சு பென்ஷன், வீட்டில் இன்னும் பிரெஞ்சுப் பத்திரிகை. பிரான்ஸ் கம்பெனிகளிலும் இதே கூத்துதானா?
(குருசுக்குப்பம்)

ப: வூய்! அங்கே 'அம்போ திஃபெரே' என்பார்கள். சர்வதேசத் தரமான ஐ.ஏ.எஸ். 12-ஐ ஒட்டித்தான் நம் இண்ட் ஏ.எஸ். 12 எழுதப்பட்டது, ஐரோப்பாவில் பங்குச் சந்தைக் கம்பெனிகளின் குழுமக் கணக்குகள் 2005 முதல் சர்வதேசத் தரத்தில்தான். பிரான்சின் அடிப்படைக் கம்பெனி வரி 2022 முதல் 25 சதவீதம். நம் புதிய விகிதம் 25.168. பாரீசும் பாகூரும் கிட்டத்தட்டச் சமம்!

கே: கம்பெனி வரி கட்டிய பிறகுதானே டிவிடெண்ட் தருகிறது? அதற்கு நான் ஏன் மறுபடி கட்ட வேண்டும்?
(அரியாங்குப்பம் வாசகர்)

ப: 2020 ஏப்ரலுக்கு முன் டிவிடெண்டுக்கான வரியையும் கம்பெனியே கட்டியது. இப்போது உங்கள் தலையில். ஒரு கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 5,000. கம்பெனி வேறு ஆள், நீங்கள் வேறு ஆள் என்கிறது சட்டம். கம்பெனி கடன்பட்டால் உங்கள் வீட்டை ஜப்தி செய்வதில்லையே? அந்தச் சௌகரியத்துக்கு விலை இது.

கே: 'பாண்டி ஆக்சைட்ஸ்' என்று ஒரு கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறது. அது கட்டும் வரி நம்ம பாண்டிக்கு வருமா?
(முத்தியால்பேட்டை வாசகர்)

ப: பெயரில் பாண்டி, பதிவு அலுவலகம் சென்னை. இங்கேயே இருந்தாலும் வருமான வரி டெல்லிக்குத்தான் போகும். அங்கிருந்து நிதிக்குழுவின் சிபாரிசுப்படி மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்கு போகிறது. நாம் சட்டசபை உண்டு, முதலமைச்சர் உண்டு, ஆனால் மாநிலம் இல்லை. ஆகவே பந்தியில் நமக்கு இலை கிடையாது. மத்திய அரசு தனியாகத் தரும் மானியம்தான்.

கே: பாட்டிதான் மறுபடியும். ஐந்து நிமிஷத்தில் என் கம்பெனி வரி விஷயத்தில் ஒழுங்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மூன்று இடம் பாருங்கள். லாப நஷ்டக் கணக்கில் வரிச் செலவு. பணப் பாய்வில் கட்டிய வரி. ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். ஒரு ஆண்டு விலகுவது சகஜம், ஐந்து ஆண்டும் ஒரே பக்கம் விலகினால் கேள்வி கேளுங்கள். பதில் மூன்றாவது இடத்தில், வரிச் சரிக்கட்டல் குறிப்பில், இருக்க வேண்டும். அங்கே 'இதர' என்ற வரியில் பெரிய தொகை உட்கார்ந்திருந்தால், பங்குதாரர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அது என்ன என்று கேளுங்கள்.

சீட்டு நடத்துபவரிடம் நோட்டைக் காட்டு என்று கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறீர்களா, பாட்டி? இங்கேயும் வேண்டாம்.