கோடைக்கு ஒரு நூலகம்: கேள்வி-பதில்

அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கோடை இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
(கல்லூரி மாணவி, மேலகரம்)

உங்கள் துறைத்தலைவரிடம். அவருடைய பரிந்துரை, முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மே மாதப் பயிற்சிக்குப் பிப்ரவரியிலேயே அனுப்பிவிடுங்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர நாள் பிடிக்கும்.

கடிதத்தை "நூல்கள் மீது தீராத காதல் கொண்டவன்" என்று தொடங்கியிருக்கிறேன். சரிதானே?
(மாணவர், செங்கோட்டை)

அந்த வரியை அடித்துவிடுங்கள், தம்பி. விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அந்தக் காதல் உண்டு. உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். தமிழில் பிழையில்லாமல் தட்டச்சு செய்வீர்களா? க, உ, ங என்று போட்ட பழைய தமிழ் எண்களைப் படிப்பீர்களா? பழைய புத்தகங்கள் பலவற்றின் முகப்பில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். ருதிரோத்காரி என்று போட்டிருந்தால் அது 1863-ஆ, 1923-ஆ? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்தின் வார்ப்பு, தாளின் பழுப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அட்டவணை தயாரிக்கிற நூலகருக்கு இது தெரிந்த ஒரு பிள்ளை கிடைத்தால் பெரிய உதவி.

இன்னொன்று. உங்கள் ஊர் மலையாளம் பேசும் மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் மலையாளம் படிக்கக் கற்றிருந்தால், அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கன்னிமாராவா, அண்ணா நூலகமா?
(மாணவி, குற்றாலம்)

பழைய புத்தகம் பிடிக்குமென்றால் எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறுகிற நான்கு நூலகங்களில் ஒன்று. குழந்தைகளோடும் பார்வையற்ற வாசகர்களோடும் பழக விருப்பமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூலகம்.

வீட்டில் சென்னைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்.
(மாணவி, பாவூர்சத்திரம்)

மதுரையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அதுவும் தூரமென்றால், தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்துக்குப் போய் நூலகரிடம் நேரில் பேசுங்கள். சின்ன நூலகம்தானே என்று எண்ண வேண்டாம். பெரிய நூலகத்தில் ஒரு பிரிவில் உட்கார வைப்பார்கள். இங்கே நூல் வரவுப் பதிவேடு முதல் நாளிதழ் அடுக்குவது வரை எல்லாமே கைக்கு வரும். வேலைத்தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு எந்தப் புத்தகம் போதவில்லை என்பதும் தெரியவரும். சாரல் காலத்து ஈரம் புத்தகத்தை என்ன செய்யும் என்று சென்னையில் யாரும் சொல்லித்தர முடியாது: தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டுப் பசையில் பூஞ்சணம் பூத்து, அட்டை வளைந்து நிற்கும். அதைப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்தால், அடுத்த வருஷ விண்ணப்பத்தில் எழுத உங்களிடம் விஷயம் இருக்கும்.

சம்பளம் உண்டா?
(மாணவர், கடையநல்லூர்)

சேருமுன் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். என் கருத்தைச் சொல்கிறேன்: பஸ் காசும் சாப்பாட்டுக் காசுமாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் பயிற்சிக்கு வர முடியும். சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம், நூற்றுக்குப் பத்து. 1948-லேயே இந்தியாவுக்கு முன்னோடியாக நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அந்த வரிப் பணத்தில் மாணவர்களுக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்குவது நியாயம்.

அலமாரி துடைக்கவிட்டே அனுப்பிவிடுவார்களோ?
(மாணவி, இலஞ்சி)

துடையுங்கள். துடைக்கும்போது ஒவ்வொரு புத்தகத்தின் எண்ணையும் பாருங்கள். தட்டு மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகம் கோடையில் பத்து வாரப் பயிற்சி தருகிறது. அதன் முடிவில் மாணவர்கள் தாங்கள் வேலை செய்த அரிய பொருட்களைப் பொதுமக்கள் முன் வைத்து விளக்குவார்கள். நீங்களும் கடைசி நாளில் வாசகர் வட்டத்தின் முன் அப்படிப் பேச அனுமதி கேளுங்கள்.

குற்றால சீசனை விட்டுவிட்டு நூலகமா?
(மாணவர், குற்றாலம்)

மே மாதம் அருவியில் தண்ணீர் ஏது? அந்த மாதத்தை நூலகத்துக்குக் கொடுங்கள். ஜூனில் சாரல் விழும்போது ஊரில் இருப்பீர்கள்.

கிளை நூலகத்துக்குப் போனேன், பூட்டியிருந்தது.
(மாணவி, தென்காசி)

வெள்ளிக்கிழமை போயிருப்பீர்கள், அன்று விடுமுறை. சனிக்கிழமை போங்கள். இரண்டாம் சனி என்றால் ஞாயிறு.