தாம்பரம் ஊதியக் குழு: யாரும் கேட்காத இடைக்கால அறிக்கை

டெல்லியில் எட்டாவது ஊதியக் குழு உட்கார்ந்துவிட்டது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைவர். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஆய்வு வரம்பை ஒப்புக்கொண்டு, அறிக்கை தர 18 மாதம் கொடுத்திருக்கிறது. டெல்லி உட்கார்ந்தால் பின்னாலேயே கோட்டையும் உட்காரும். கோட்டை எழுந்து கையெழுத்துப் போட்ட பிறகு, அது ஒருநாள் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி எங்கள் ஊருக்கும் வந்து சேரும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று தாம்பரம் மாநகராட்சிக்கு நானே ஓர் ஊதியக் குழு அமைத்துக்கொண்டேன். தலைவர், செயலர், உறுப்பினர் எல்லாம் ஒரே ஆள். வாகனப்படி கேட்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றுப்பயணமும் இல்லை. செம்பாக்கம் வரைக்கும்தான் போனேன்.

குழுவின் ஆய்வு வரம்பு: மாநகராட்சி ஊழியர்களின் ஊதியத்தை மறு ஆய்வு செய்வது, அவர்கள் வேலையை விட்டுப் போகாமல் தக்கவைக்க வழி சொல்வது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளே சிக்கல். ஊழியரைக் காணோம்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டி மாநகராட்சி என்று பெயர் வைத்தார்கள். 70 வார்டு, 5 மண்டலம். பெயர்ப் பலகைகள் ஒரே வாரத்தில் மாறின. வரி உயரவும் அதிக நாள் ஆகவில்லை. 2022இல் வீடுகளுக்கு 25 முதல் 100 விழுக்காடு வரை சொத்து வரி ஏறியது. ஆணையர், பொறியாளர், மேயர், மேயருக்கு அங்கி எல்லாம் வந்தாயிற்று. ஆனால் காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால், ஊரைக் கூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர் மாநகராட்சியின் ஊழியர்கள் இல்லை. கம்பெனி ஆட்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கேம்ப் ரோடு பக்கம் வந்து பாருங்கள். கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய், குங்குமம் கரைந்த சாறு, மிதிபட்ட வாழைக்கன்று, எலுமிச்சம்பழம், பொரி. மதியத்துக்குள் எல்லாம் புளித்து ஈ மொய்க்கும். கையுறை கிழிந்துபோய் விரல் நுனி வெளியே தெரிய, ஒரு அம்மாள் அதை வாரி பேட்டரி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனை அமுக்கியபடி, “ஏம்மா, கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குறீங்கல்ல, சீக்கிரம் பண்ணக் கூடாதா?” என்றார். அந்த அம்மாள் நிமிராமலே சொன்னார்: “கவர்ன்மென்ட்டு இல்ல சார், கான்ட்ராக்ட்டு. நீங்க சுத்திக்கிட்டுப் போங்க.”

குழுவின் முன் பதிவான ஒரே நேர்மையான சாட்சியம் இதுதான். அறிக்கையில் அப்படியே சேர்க்கப்படுகிறது.

இந்தக் கான்ட்ராக்ட் என்ற மாயாஜாலம் எப்படி வேலை செய்கிறது என்று குழு ஆராய்ந்தது. மாநகராட்சி டெண்டர் விடும். கம்பெனி எடுக்கும். டெண்டர் முடிந்தால் வேறொரு கம்பெனி வரும். அதே தெரு, அதே துடைப்பம், அதே கைகள். சட்டையில் எழுதிய பெயர் மட்டும் வேறு. ஆனால் ஏட்டில் அந்த அம்மாள் நேற்றுத்தான் வேலைக்கு வந்தவர். பத்து வருடம் தெரு கூட்டியவருக்கு ஒவ்வொரு டெண்டரிலும் மறுபடி முதல் நாள். சர்வீஸும் இல்லை, இன்கிரிமென்ட்டும் இல்லை. பிடித்த பி.எஃப். எந்த நம்பரில் போய் விழுந்தது என்று கேட்டால் பழைய சூப்பர்வைசர் மாறிப்போனார் என்பார்கள். அகவிலைப்படி என்ற சொல் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஆகவே ஊழியர்களைத் தக்கவைப்பது எப்படி என்ற கேள்விக்கு மாநகராட்சி ஏற்கெனவே பதில் கண்டுபிடித்துவிட்டது: வேலைக்கே வைக்காதே, அப்புறம் எப்படி விட்டுப் போவார்கள்?

இது ஏதோ கீழ்மட்டக் குமாஸ்தாவின் சாமர்த்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை அரசாணை 152 போட்டது. சென்னை நீங்கலான மற்ற மாநகராட்சிகளுக்கு எத்தனை பணியிடம் என்று வரையறுத்து, அடிமட்ட வேலைகளை அவுட்சோர்சிங்குக்குத் தள்ளிய ஆணை அது. தொழிற்சங்கங்கள் அன்று முதல் அதை ரத்து செய்யச் சொல்லிக் கொடி பிடிக்கின்றன. மை காய்வதற்குள் நவம்பர் 1 வந்தது, உள்ளாட்சிகள் தினம். அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் எங்கள் பம்மலுக்கே வந்து பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து மக்கள் குறை கேட்டார். கூட்டம் நடக்கும் இடம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்திருக்கும், சந்தேகமே இல்லை. சுத்தம் செய்தவர்களின் வேலைக்கு அரசாணை 152 வழி சொல்லிவிட்டதே!

அ.தி.மு.க.காரர்கள் இதைப் படித்துக் கை தட்ட வேண்டாம். உங்கள் கோப்பும் மேசையில் இருக்கிறது. 2017 ஜூலையில் எடப்பாடி கே. பழனிசாமி அரசு சட்டமன்ற உறுப்பினர்களின் மாத வருமானத்தை 55,000இலிருந்து 1,05,000 ரூபாய்க்கு உயர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்து அரசாணை 62 வந்தது. முதல் உயர்வு உறுப்பினர்களின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதோ இன்னும் ஆர்ப்பாட்டத் தட்டிகளில் ‘அரசாணை 62ஐ அமல்படுத்து’ என்ற கோரிக்கையாகவே நிற்கிறது. ஆங்காங்கே ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி என்று வேறொரு குறைந்த தொகையைக் காட்டிக் கதையை முடித்துவிடுகிறார்கள். 2020இல் கொரோனா காலத்தில் இவர்களுக்கு மாலை போட்டு, பாதபூஜை செய்து, படம் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டுதான் ஆலந்தூர், அடையாறு, பெருங்குடி, சோழிங்கநல்லூர் உள்பட சென்னையின் ஏழு மண்டலங்களின் குப்பை ஸ்பெயின் தொடர்புள்ள தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. கழுவிய காலின் ஈரம்கூடக் காயவில்லை.

பிறகு 2025 ஆகஸ்ட். சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 13 நாள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். கையில் 23,000 ரூபாய் அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள், கம்பெனிக்குப் போனால் 17,000கூட வராது என்றார்கள். ஊதிய மறு ஆய்வு என்பார்களே, அது இதுதான், ஆய்ந்து குறைத்தார்கள். நடைபாதையை மறிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பகலெல்லாம் குப்பை அள்ளிய கைகளை ராத்திரியில் பஸ்ஸில் அள்ளிப் போட்டார்கள். மறுநாளே அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு ஆறு திட்டங்களை அறிவித்தது. வீடு, காப்பீடு, சுயதொழில் கடன் உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, தொழில்சார் நோய்க்குச் சிகிச்சை, காலை உணவு. அவர்கள் கேட்டது வேலை. கிடைத்தது இட்லி. இட்லியைக் குறை சொல்லவில்லை, சூடாக இருந்தால் நல்லதுதான். சம்பளம் ஒழுங்காக வருகிறவருக்கு அதை யாரும் ஊட்டிவிட வேண்டியதில்லை என்று மட்டும் குழு பதிவு செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டிலேயே 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நமக்குக் கான்ட்ராக்ட் என்ற குடை இருக்கும்போது அந்த மழை நம்மீது விழுமா? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்திய நீர் ஆணையத்தில் பெருக்கியும் தோட்டம் பார்த்தும் வந்தவர்களின் வழக்கில், அவுட்சோர்சிங்கைக் கேடயமாகப் பிடிக்காதே என்ற பொருளில் அரசை இடித்துரைத்தது. அடுத்த மாதமே காஸியாபாத் மாநகராட்சியின் தோட்டத் தொழிலாளர்களை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. 2005இல் வெளியே அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இருபது வருடம் கழித்து நீதி. தொழிலாளியின் ஆயுளையும் டெண்டரில் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் போலும்.

இனி நம் பங்கு. குழு தன் சொந்தத் தெருவை விட்டுவைக்க முடியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் அதே அம்மாள் கேட்டுக்கு வெளியே நிற்பார். நாம் ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டுவோம். கூடவே, கறிவேப்பிலைக் காம்பும் பால் கவரும் ஒரே வாளியில் கிடப்பது அவர் குற்றம் என்பது போல ஒரு சொற்பொழிவு. போனஸ் வாங்கிக்கொண்டு ஆபீஸிலிருந்து வந்தவர்கள், போனஸ் இல்லாதவருக்கு இனாம் தரும் இந்தப் பெருந்தன்மைக்குக் குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம்கூடப் போடுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அடையாறு பெருகி, மேற்குத் தாம்பரம் பக்கம் வீட்டுக்குள் சேறு வந்தபோது அள்ள வந்தது யார்? அப்போது யாரும் கான்ட்ராக்ட்டா, கவர்ன்மென்ட்டா என்று கேட்கவில்லை.

இறுதியாகக் குழுவின் பரிந்துரை. புதிய சூத்திரம் எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, நாடாளுமன்றம் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் எம்.பி.க்களின் சம்பளம் 1,00,000இலிருந்து 1,24,000 ரூபாய் ஆனது. விலைவாசிக் குறியீட்டின்படி, அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு! போராட்டம் இல்லை, தட்டி இல்லை, நள்ளிரவு பஸ்ஸும் இல்லை. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வாங்கும் எங்கள் கவுன்சிலர்களும், 30,000 வாங்கும் மேயரும் இதே சூத்திரத்தைத் தெருக்கூட்டுபவருக்கும் கேட்டு மன்றத்தில் தீர்மானம் போடட்டும். குறியீடு வேண்டும், முன்தேதி வேண்டும், அதற்கெல்லாம் முன்பு அவர் நம் ஊழியர் என்ற ஒரு வரி வேண்டும்.

போட மாட்டார்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் வார்டில் ஒரு தூய்மைப் பணியாளருக்காக மாநகராட்சி கம்பெனிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறது, அதில் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீது எங்கே என்று கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த பகுதி சபைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படியுங்கள்.