வாடகை வீட்டுப் பாய்லர் லக்ஷண விசாரம்

இங்கிலாந்து தேசத்தில் சொந்த வீட்டில் வசிப்பவருக்குப் பாய்லர் என்பது சமையலறைச் சுவரில் தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. அதே பெட்டி, வாடகைக்கு விட்ட வீட்டின் சுவரில் ஏறிய மாத்திரத்தில், தர்மசாஸ்திரத்துக்கு உட்பட்ட வஸ்துவாகி விடுகிறது. வீட்டைச் சூடாக்கும் சாதனத்தையும் வெந்நீர் தரும் சாதனத்தையும் பழுதின்றி இயங்க வைப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு விதிக்க, ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற நிபுணரைக் கொண்டு எரிவாயுச் சாதனங்களைச் சோதித்து, அந்தச் சான்றின் பிரதியை 28 நாட்களுக்குள் குடித்தனக்காரர் கையில் சேர்ப்பிக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் மேலும் ஒரு முடிச்சுப் போடுகின்றன. ஆகவே, லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் ஒரு வீட்டில் தாம் இருந்துகொண்டு மற்றொன்றை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள், பழைய பாய்லர் பிராணனை விட்டதும், "இனி எதை மாட்டினால் நம்பலாம்?" என்று கேட்பது அற்பமான கேள்வியாகாது. தர்க்க சாஸ்திரத்தின் துணைகொண்டு அதற்கு விடை காண முற்படுவதே இச்சிறு ஆராய்ச்சியின் பிரயோஜனம்.

முதலில் லக்ஷணம் கூறல் முறை. குளிர்காலத்தில் வீட்டுக்காரரின் தொலைபேசியை ஒலிக்கவிடாத பாய்லர் எதுவோ அதுவே நம்பகமான பாய்லர் என்று கொள்வோமாயின், குடித்தனக்காரர் டிசம்பர் முழுதும் ஊருக்குப் போயிருக்கையில் செத்துக் கிடக்கும் பாய்லருக்கும் அந்த லக்ஷணம் பொருந்தி, அதிவியாப்தி என்னும் தோஷம் வந்து சேரும். எனவே, "குடித்தனக்காரர் வீட்டில் இருக்கையில்" என்ற விசேஷணத்தைச் சேர்த்துக்கொள்க. பாய்லர்கள் வெள்ளிக்கிழமை மாலை, கடைகள் அடைத்த பிறகே நிற்கும் இயல்புடையவை என்பதை இங்கே நாம் நிரூபிக்கப் புகவில்லை. புள்ளி விவரம் கேட்பவர் ஒரு குளிர்காலம் வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து, நம்பகத்தை அறியும் பிரமாணம் யாது? பிரத்தியட்சம் உதவாது, கடையில் வரிசையாகத் தொங்கும் பெட்டிகள் யாவும் ஒரே வெண்மையும் ஒரே மௌனமும் உடையனவாக இருக்கின்றன. அனுமானமோ இத்துறையில் அபாயகரமானது. மலையில் புகை கண்ட இடத்தில் தீ உண்டென்று துணிந்த நையாயிகரை லண்டன் வீதியொன்றில் ஜனவரி மாதக் காலையில் நிறுத்தினால், சுவர்தோறும் வெளிவரும் வெண்புகையைக் கண்டு அவர் தீயணைப்புப் படையை அழைத்து விடுவார். 2005 முதல் அங்கே ஏறக்குறைய எல்லாப் புதுப் பாய்லர்களும் கண்டென்சிங் வகையாகவே இருக்க வேண்டும் என்பதும், போக்குக்குழாயில் தோன்றும் அந்த வெண்மை, வெப்பத்தைப் பெரிதும் வீட்டுக்கே கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வெளியேறும் நீராவி என்பதும், ஆரோக்கியத்தின் அடையாளமே அது என்பதும் அவர் அறியார். ஆக, எஞ்சுவது ஆப்தவாக்கியம், அதாவது ஃபிட்டரின் வாய்மொழி. அதற்கு நாம் பின்னர் வருவோம்.

இனிப் பூர்வபக்ஷங்கள். சக்தியே பிரதானம் என்பார் ஒரு சாரார்; பெரிய பாய்லர் சிரமப்படாது, சிரமப்படாதது நெடுநாள் வாழும் என்பது அவர்கள் வாதம். ஆனால் சிறிய வரிசை வீடொன்றைக் கடுங்குளிர் நாளில் சூடாக்கப் பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்கு மேல் வேண்டியதில்லை. தொட்டியின்றி வீட்டுச் சூட்டையும் வெந்நீரையும் தானே தரும் காம்பி பாய்லருக்கு 24, 30, 35 என்று எண் ஏறுவதெல்லாம் குளிக்கும் நீருக்காகவே. குழாய் நீரை 35 டிகிரி உயர்த்தித் தருவதானால் 24 கிலோவாட் பாய்லர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டரும், 35 கிலோவாட் பாய்லர் 14 லிட்டரும் தரும். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வருவதே 9 லிட்டராயிருப்பின், எஞ்சிய கிலோவாட்டுகள் சுவரில் தவம் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். தவிரவும், தேவைக்கு மிஞ்சிய பாய்லர் எரிவதும் அணைவதுமாக ஓயாது சஞ்சலப்படும். சஞ்சலம் ஆயுளைக் குறைக்கும் என்பது பாய்லருக்கும் உண்மையே.

சிக்கனத் திறனைப் பார்த்து வாங்குக என்பார் மற்றொரு சாரார். இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல் 92 சதவிகிதத் திறன் குறைந்தபட்ச விதியாகிவிட்டபடியால், 92க்கும் 94க்கும் இடையே நடக்கும் போட்டி, ஆரம்பத்திலேயே முடிந்துபோன போட்டி. ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் அந்தத் திறன் கைகூடும் என்பதை அறியாமல், பாய்லரை 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போகிறவர்களே மிகுதி. மேலும், எரிவாயுப் பணம் கட்டுகிறவர் பெரும்பாலும் குடித்தனக்காரர். பழுதுபார்க்கும் பணம் கட்டுகிறவர் வீட்டுக்காரர். இந்தப் பணப்பிரிவினை காரணமாகவே, சிக்கனத்தைப் பற்றி உருக்கமாகப் பேசும் வீட்டுக்காரர்களை நாம் சந்திப்பது அபூர்வமாயிருக்கிறது.

பெயரே பிரமாணம் என்பது மூன்றாவது கட்சி. 1874இல் ஜெர்மனியின் ரெம்ஷைடில் தோன்றிய வைலண்ட் என்றும், 1962இல் சிசில் டக்வொர்த் தொடங்கி 1992இல் பாஷ் வசம் போன வூஸ்டர் என்றும், ஹல் நகரத்து ஐடியல் என்றும் கோத்திரம் சொல்லி வாதிடுவார்கள். குலப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குலத்தில் பிறந்த பாய்லரும், பத்து ரேடியேட்டர்களிலும் பழைய குழாய்களிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிய இரும்புத்துரு கருமண்டியாகத் தேங்கியிருக்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் தழைக்காது. கழுவாத ஜாடியில் புது ஊறுகாய் போட்டது போல, சில மாதங்களில் பம்பும் வெப்பமாற்றியும் கெட்டு, பழி கம்பெனியின் மேல் விழும். குழாய்களை அலசி, துருத்தடுப்பு மருந்து கலந்து, திரும்பும் குழாயில் ஒரு காந்த வடிகட்டியையும் பொருத்திய வீட்டில் சாமான்ய பாய்லரும் தீர்க்காயுசாக இருக்கும். லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு தனிச் சங்கடம். காம்பியின் தகட்டு வெப்பமாற்றியில் அது படிந்தால், குளிப்பவர் தலையில் விழுவது வெந்நீரா தண்ணீரா என்பதே சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

இவ்விடத்தில் சற்று நின்று, கண்டென்சேட் குழாயைப் பற்றிச் சொல்லாமல் போவது பாபம். குளிர்ந்த நீராவி துளியாகி வெளியேறும் இந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, வேலை சுலபம் என்பதற்காக வெளிச்சுவர் வழியே விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தினால், 2010 டிசம்பரில் பிரிட்டன் உறைந்தபோது எத்தனையோ வீடுகளில் பழுதேயில்லாத பாய்லர்கள் நின்றுபோயின. குழாயை வீட்டுக்குள்ளேயே கழிவுநீரோடு சேர்த்துவிட வேண்டும். வெளியே விட்டே தீரவேண்டுமானால் 32 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாயை உறையிட்டு விட வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாய்லரும் இந்தச் சில்லறைக் குழாயின் தயவில் வாழ்வதுதான்.

ஒரே குளியலறையுள்ள வீட்டுக்குக் காம்பியே போதும். ஐந்து மாணவர் குடியிருக்கும் வீட்டிலோ, காலை எட்டு மணிக்கு ஐவரும் ஒருங்கே சுத்தமாக விரும்பும் ஆபத்து உண்டாகையால், வெந்நீர்த் தொட்டியும் அதில் மின்சார இம்மெர்ஷன் சாதனமும் இருப்பது உத்தமம். பாய்லர் படுத்தாலும் குளியல் நடக்கும், வீட்டுக்காரருக்கும் இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும்.

அழுத்தமானியின் முள் 1க்கும் 1½ பாருக்கும் இடையே நிற்க வேண்டும். அது இறங்கினால் நீர் நிரப்பும் முறை, குடித்தனக்காரரே ஒரு திருகைத் திருப்பிச் செய்துகொள்ளும்படி எளிதாயிருக்கட்டும். இதற்கென்று தனிச் சாவி வேண்டும் பாய்லரைத் தவிர்க்க. மூன்று குடித்தனம் மாறிய வீட்டில் அந்தச் சாவி எங்கே இருக்கும் என்பது யோகிகளுக்கும் எட்டாத விஷயம்.

இனிச் சித்தாந்தம். நம்பகம் பாய்லரின் குணமாக இருப்பதைக் காட்டிலும், அதற்குரிய ஃபிட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அதன் விசிறியும் டைவர்ட்டர் வால்வும் அவர் வேனில் இருக்கின்றனவா என்பவற்றின் குணமாகவே அதிகம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எது மிகுதியாகத் தொங்குகிறதோ, எதன் உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் அன்றே கிடைக்கிறதோ, அதை வாங்குக. சில கம்பெனிகள், தாம் அங்கீகரித்த ஃபிட்டர் மாட்டினால் உத்தரவாதத்தை நீட்டித் தருவதால், ஆப்தர் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப ஜபிப்பார். அதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த நீண்ட உத்தரவாதம் உங்களுக்கும் லாபமே. ஆனால் எரிவாயு நிபுணர் பதிவுக்குச் சான்றான அவருடைய கேஸ் சேஃப் அட்டையை வாங்கி, பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள்; எந்தெந்தச் சாதனத்தில் கைவைக்க அவருக்கு யோக்கியதை உண்டு என்பது அங்கேதான் எழுதியிருக்கும். வருஷாந்தர சர்வீஸ் செய்து புத்தகத்தில் பதியாவிட்டால் பத்து வருஷ உத்தரவாதமும் செல்லாது. சட்டப்படியான சோதனை வேறு, சர்வீஸ் வேறு என்பதால், இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆளைக் கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். பழைய பாய்லர் பதினைந்து வயதைத் தாண்டியிருக்குமானால், அதன் மரணத்துக்குக் காத்திராமல் ஜூலை மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். அப்பொழுதுதான் ஃபிட்டருக்கு நேரமும் உங்களுக்குப் பேரம் பேச நாவும் இருக்கும்.