மாப்ளே, ஏரோப்ளேன் கட்டறியாமே!

மாப்ளே, நீ ஏரோப்ளேன் கட்டப்போறேன்னு உங்கம்மா வந்து என்கிட்ட மூக்கைச் சிந்துது. "அழுவாதே தங்கச்சி, பையன் குடிக்கிறான்னு சேதி வந்தா அழு. இது அதைவிடச் செலவு கம்மி"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். பொய்தான், என்ன பண்றது.

சின்னதா ஒண்ணு கட்டினா ஊரு பேசாதுன்னு எட்டடி றெக்கை, பெட்ரோல் எஞ்சின், 1930கள் காலத்து மாடலை ரிமோட்ல விடறதுன்னு ஆரம்பிச்சிருக்கே. ஒசூர் மண்ணுக்கு இது புதுசில்ல. தளி ரோட்டுல பேளகொண்டபள்ளியில தனேஜா ஏரோஸ்பேஸ்காரங்க 1990கள்ல இத்தாலி பார்ட்டனேவியா கம்பெனியோட சேந்து பி-68சின்னு ரெண்டு எஞ்சின், ஆறு சீட்டு விமானத்தையே கட்டினாங்க. 7,000 அடி ரன்வே இருக்கு அங்க. அது போதாதுன்னு 2024 ஜூன்ல சட்டசபையில அறிவிப்பு வந்துச்சு: ஒசூர்ல 2,000 ஏக்கர்ல, வருசத்துக்கு 3 கோடிப் பேர் வந்து போற விமான நிலையம். பெங்களூர் ஏர்போர்ட் ஒப்பந்தத்துலயோ, 150 கிலோமீட்டருக்குள்ள புதுசா இன்னொண்ணு 2033 வரைக்கும் வரக்கூடாதுன்னு ஒரு வரி உக்காந்திருக்கு. ஏர்போர்ட்டு எப்ப ஏறுமோ, நெலத்து வெலை ஏறிடுச்சு. அதுக்குள்ள உன்னோடதும் ஏறட்டும்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். பழைய மாடல், பழைய மாடல்ங்கறியே, அது எதுக்கு அந்த மாதிரி இருக்குன்னு யோசிச்சியா? அமெரிக்காவுல மேக்ஸ்வெல் பாசெட்னு ஒரு பையன், பில் பிரவுன் செஞ்ச குட்டி பெட்ரோல் எஞ்சினை வெச்சு 1933ல போட்டிக் கோப்பையெல்லாம் அள்ளிட்டான். ரப்பரை முறுக்கி விட்டுட்டிருந்தவங்க வயிறெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பெட்ரோலுக்குத் தனிப் பிரிவே வெச்சாங்க. அப்ப ரேடியோ கிடையாது. கையை விட்டா விட்டதுதான். காத்து ஒரு பக்கம் சாய்ச்சா, கேக்க ஆளில்லாம அதுவே நிமிந்துக்கணும். அதனாலதான் றெக்கை ரெண்டையும் நுனி மேலே தூக்கி வெச்சாங்க, வாலைப் பெருசாப் போட்டாங்க. அப்புறம் 1937 வாக்குல வால்ட் குட், பில் குட்னு ரெட்டைப் புள்ளைங்க, தங்களோட 'கஃப்' விமானத்தை ரேடியோவுல திருப்பிக் காட்டினாங்க. அதுலயும் சுக்கானை அசைக்க முறுக்கின ரப்பர்தான். அவ்வளவு கொஞ்சமாத்தான் அதைத் தொட்டாங்க.

நீ என்ன பண்ணப் போறே? எட்டு சேனல் ரிமோட்டை ரெண்டு கையிலயும் புடிச்சிட்டு, நிமிசத்துக்கு நாப்பது தடவை குச்சியை ஆட்டுவே. உங்க வீட்டுல ரசம் கொதிக்கறப்பவே கரண்டி போட்டுக் கிண்டறவன்தானே. அது தானா பறக்கத் தெரிஞ்ச சாமான், மாப்ளே. வேலையெல்லாம் தரையில பண்ணு. மேலே போனதும் சும்மா இரு.

தரை வேலையிலதான் எனக்குப் பயம். சிப்காட்ல வேலை பாக்கற ஒசூர்க்காரன் கையில பால்சா கட்டையைக் கொடுத்தா, மொதல்ல "போல்ட்டு எங்க போடறது?"ன்னு கேப்பான். ஈக்வடார்ல வளர்ற மரம் அது, தூக்கிப் பாத்தா கையில இருக்கறதே தெரியாது. அதை வாங்கிட்டு வந்து, சிநேகிதன் லேத்துல கடைஞ்சு கொடுத்தான்னு அரை கிலோ அலுமினியத்தை மாட்டுவே. எஞ்சின் உக்கார்ற முன்சுவருக்கு நல்ல பிளைவுட் போடு, அங்க ஒத்த சிலிண்டர் ஒதறல் இருக்கு, நட்டுக்கு லாக்டைட் விடு. மத்த இடத்துல எல்லாம் உன் கைத்திறமையைக் காட்டாதே. முக்கியமா வாலுல. வாலுல ஏத்தற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்குல பல மடங்கு ஈயம் கட்ட வேண்டி வரும். றெக்கை அகலத்துல முன்விளிம்புலருந்து நாலுல ஒரு பங்குக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல ரெண்டு விரலை வெச்சுத் தூக்கு. வாலு தொங்குச்சுன்னா அன்னைக்கு மைதானத்துக்கு வராதே.

பழைய முறைப்படி பட்டுத்துணி போத்தி டோப்பு வார்னிஷ் பூசப்போறியாம். பட்டுப்பூச்சி வளக்கற சீமைதான் நம்முது, இருந்தாலும் உன் பொண்டாட்டி முகூர்த்தப் புடவைப் பக்கம் போகாதே. ஜரிகை கனம். அவ கை அதைவிடக் கனம்.

எஞ்சினுக்கு வா. டிவிஎஸ் 50 பொறந்த ஊரு இது, 1980ல. டூ-ஸ்ட்ரோக்குப் பொகையை மோந்தே வளந்தவங்க நாம. அதனால ஆயில் கலக்கறதுல நீ யாரையும் கேக்க மாட்டே, கண்ணளவுல ஊத்துவே. எஞ்சினோட வந்த புஸ்தகத்துல என்ன அளவு இருக்கோ அதை ஊத்து. ஒசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர். குளிரு குளிருன்னு பெருமை பேசறோமே, அந்த ஒசரத்துல காத்தும் கிட்டத்தட்ட எட்டு, ஒம்பது சதம் லேசு. றெக்கைக்குத் தாங்கல் கொறையும், எஞ்சினுக்கு மூச்சு கொறையும். மெட்ராஸ்காரன் டியூன் பண்ணின கார்புரேட்டர் ஊசி இங்க சரிப்படாது, திருப்பி வை. பற்றவைப்பை ரிமோட்லருந்தே நிறுத்தற சுவிட்ச் இல்லாம ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதே. இக்னிஷன் பொட்டியும் ரிசீவரும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாது. காத்தாடியை வெறுங்கையில சுத்தாதே. மாரியம்மனுக்கு எலுமிச்சம்பழம் வெட்டு, போதும், விரல் வேண்டாம்.

எங்க பறக்க விடறது? ஒசூரைச் சுத்தி லேஅவுட்டுக்கா பஞ்சம்? தார் ரோடு போட்டு, ஆர்ச் கட்டி, ஒரு வீடு கூட இல்லாம கெடக்குது. அதைவிட நல்ல ரன்வே உனக்கு அமையாது. வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடு. ஹை-டென்ஷன் கம்பி எங்க போவுதுன்னு பாத்துக்கோ. பாலிஹவுஸ் பக்கம் திரும்பாதே. காதலர் தினத்துக்கு ரோசா அனுப்பறவன் கூரையில விழுந்தியோ, வித்துட்டு வந்து கொடுக்க உன்கிட்ட ரோசா கிடையாது. சானமாவு காட்டோரம் வேண்டவே வேண்டாம். யானைக்கு விண்டேஜ் மாடல்னா என்னன்னு வெளக்கற அளவுக்கு உனக்கு நேரம் இருக்காது.

சட்டமும் இருக்கு, சிரிக்காதே. 2021 டிரோன் விதிகள்ல, 25 கிலோவுக்கு மேல போகாம பொழுதுபோக்குக்கு, கண்ணு எட்டற தூரத்துல விடறதுக்கு 'மாடல்'னு தனியாவே பேரு கொடுத்திருக்கான். பச்சை மண்டலத்துல 400 அடி ஒசரம் வரைக்கும் கேக்காம விடலாம். ஓடற விமான நிலையத்தோட எல்லையிலருந்து 8 கிலோமீட்டருக்குள்ள தரையிலருந்தே கட்டுப்பாடு, கேட்டுத்தான் விடணும். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை ஒரு தடவை தொறந்து பாரு, நம்ம பக்கமே ரன்வே இருக்கறது ஞாபகம் இருக்கட்டும். எதுக்கும் மேற்குப் பக்கம் ரொம்பத் தள்ளி விடாதே. எல்லை தாண்டிப் போயி கர்நாடகாவுல விழுந்துச்சுன்னா கன்னடத்துல கெஞ்சணும். கெஞ்சறப்ப காவேரி பேச்சை எடுக்காதே.

ஆடிக் காத்துல விடாதே, அப்ப உக்காந்து கட்டு. தை, மாசியில விடியக்காலையில விடு.

இன்னொண்ணு. இந்த மாதிரி பெரிய மாடலுக்குப் புல்லு வெட்டற பிரஷ் கட்டர் எஞ்சினையே மாத்தி மாட்டலாம்னு எவனோ உனக்குச் சொல்லியிருக்கான். நெசந்தான், வெளிநாட்டுல ரொம்ப காலமா பண்றாங்க. போன வாரம் நீ என் மோட்டார் ரூம் பக்கம் சுத்தினது எனக்குத் தெரியும். அந்த மிஷின் என்னுது. வேற வாங்கிக்கோ.