583 அடியில் மலையேற்றம்

கே: ஜவ்வாது மலையேறப் போகும் நண்பர், 'மலைபடுகடாம்' பயண வழிகாட்டிதானே, பையில் வைத்துக்கொள்ளவா என்கிறார். சிரிப்பதா, அழுவதா?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

ப: சிரிக்காதீர்கள், வாங்கிக் கொடுங்கள்! செங்கத்து மன்னன் நன்னனிடம் கூத்தர்களை அனுப்பிவைக்கும், 583 அடி கொண்ட சங்க ஆற்றுப்படை அது. செங்கம் ஜவ்வாது அடிவாரம்தானே? பன்றிக்கு வைத்த பொறி, குழியில் பாம்பு, வழுக்கும் பாசி எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை உண்டு. கவண்கல் பறந்தால் மரத்தின் பின்னே ஒதுங்கிப் போகச் சொல்கிறார் புலவர் பெருங்கௌசிகனார். வழியெங்கும் மலைமக்களின் விருந்து வேறு! எந்த வழிகாட்டி இதைத் தரும்?

ஒரு நூலை நிஜமாகவே வகை மாற்றிப் படித்தவர் அமெரிக்காவின் எட் ஸெர்ன். 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை வேட்டைக்காட்டுக் காவலர் கையேடாகப் பாவித்து, 1959இல் வேட்டை இதழொன்றில் மதிப்புரை எழுதினார். தொழில் விஷயம் போதவில்லையாம்!

நண்பர் உரையோடு கூடிய பதிப்பையே எடுத்துப்போகட்டும்.